நடுவில் ஒரு தட்டி

கடல் கடந்து, பிரெஞ்சு பேசும் லாசாலில் ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்துக்குப் பொறுப்பாளர் நீக்கிலாப்பிள்ளை. சொந்த ஊர் மட்டக்களப்பு. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். போன மாதம் ஒரு கலியாணத்தில் கைகலப்பு நடந்ததும், "இன்னொரு முறைப்பாடு வந்தால் திறப்பைத் தந்துவிட வேண்டும்" என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இடுப்பில் தொங்கும் அந்தத் திறப்பை, மண்டபச் சாவியை, அடிக்கொரு தடவை தொட்டுப் பார்த்தபடியே நடக்கிறார்.

இப்படியிருக்க, அங்கோலாவின் சுதந்திர தினத்துக்கு மண்டபம் கேட்டு டொமிங்கோஸ் என்ற கிழவர் வந்தார். உட்கார எத்தனை 'கதேய்ரா' இருக்கிறது என்று கேட்டார். நீக்கிலாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. நம் கதிரை! அங்கேயும் நம் ஊரிலும் ஒரே போர்த்துக்கேயன் விட்டுப்போனது. மறுநாள் பப்டிஸ்தா என்ற இன்னொரு கிழவர் வந்தார். அதே நாடு, அதே நாள், அதே கதேய்ரா. ஒரே விழாதானே என்று அவருக்கும் பிரெஞ்சில் 'உய்', ஆம், என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி அக்னெஸ் கேட்டாள். "இஞ்சேருங்க, நம்மட ஆக்களுக்கு ஒரே நினைவு நாளுக்கு ரெண்டு மண்டபம் பாத்துக் குடுக்கிற மனிசன், இவங்களிட்ட ஒரே கூட்டமா எண்டு ஒரு சொல் கேக்கல்லியா?"

"அவங்க ஆபிரிக்கா. நம்மளப் போல இல்ல, ஒற்றுமையான சனம்."

எழுபத்தைந்தாம் ஆண்டு போர்த்துக்கேயன் கப்பலேறிய அதே நாளில் அந்த நாட்டில் இரண்டு நகரங்களில் இரண்டு குடியரசுகள் பிரகடனமான செய்தி, நவம்பர் பதினொன்று காலைதான் அவரை எட்டியது. பப்டிஸ்தாவின் ஆட்கள் தங்கள் இயக்கத்தின் சேவற்கொடியோடு வந்தார்கள். முருக பக்தர்களாக்கும் என்று நினைத்து வழிவிட்டார்.

"தென்னாபிரிக்க வெள்ளையனின் பீரங்கிக்குப் பின்னால் வந்தவன்," என்றார் டொமிங்கோஸ்.

"கியூபாக்காரன் தூக்கி வைத்ததால் ஆட்சியில் இருந்தவன்," என்றார் பப்டிஸ்தா.

இருவரும் அப்பழுக்கற்ற போர்த்துக்கேய மொழியில் ஏசிக்கொண்டார்கள்; நீக்கிலாப்பிள்ளைக்காக இடையிடையே பிரெஞ்சிலும் ஏசினார்கள்.

அவர் திறப்பைத் தொட்டார். பிறகு, பெர்லினில் கூடி ஆபிரிக்க வரைபடத்தில் கோடு கிழித்த கனவான்களைப் போல, யாரையும் கேட்காமல், மண்டபத்தின் மடிப்புத் தட்டியை நடுவே இழுத்துவிட்டார். சமையலறை டொமிங்கோஸ் பக்கம் போனது. கழிப்பறை பப்டிஸ்தா பக்கம்.

வந்தவர்களில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். அரைமணியில் எல்லைப் பிரச்சினை முற்றியது. தட்டியின் இடுக்கில் நின்று நீக்கிலாப்பிள்ளை சுங்கம் நடத்தினார்: சமையலறைப் பக்கமிருந்து ஒரு தட்டு கோழிக்கறி போனால், கூடவே ஒரு கிழவர் கழிப்பறைக்குப் போகலாம்.

"கறி ஆறுது, விடுங்க," என்றது பப்டிஸ்தா பக்கம்.

"முதல்ல ஆள், பேந்து கறி," என்றது டொமிங்கோஸ் பக்கம்.

இந்த நியாயத்தால் ஒரு முதியவரின் காற்சட்டை நனைந்தது. அவர் எந்த இயக்கம் என்று யாரும் கேட்கவில்லை. டொமிங்கோஸ் தன் கோட்டைக் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பப்டிஸ்தா தட்டியை ஓரமாகத் தள்ளினார். இருவரும் ஒன்றாக மாடியேறி, பங்குத்தந்தையிடம் ஒரே குரலில் முறையிட்டார்கள். எழுபத்தைந்துக்குப் பிறகு அவர்கள் கூடி எடுத்த முதல் தீர்மானம் அது.

பங்குத்தந்தை இறங்கி வந்து கையை நீட்டினார். நீக்கிலாப்பிள்ளை இழுத்தார், திருகினார்; திறப்பு வளையம் கழலவில்லை. "பொறுங்க ஐயா," என்பது போல டொமிங்கோஸ் அவருடைய இடுப்புப்பட்டியைப் பிடித்துக்கொள்ள, பப்டிஸ்தா பக்குவமாக வளையத்தைக் கழற்றிக் கொடுத்தார்.