ஐந்து மணிக்கு மேல் வந்த ஏழு விண்ணப்பங்கள்

நர்ஸிங் கல்லூரியில் விண்ணப்பங்களைப் பதிவு செய்கிற எழுத்தரை எல்லோரும் மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நேர விஷயத்தில் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காதவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் மின்னஞ்சலில் வந்த ஏழு விண்ணப்பங்களை அவள் தள்ளிவிட்டிருந்தாள். ஒரு பெண் போனில் அழுதாள்.

"மூணரைக்கே அனுப்பிட்டேன் மேடம்!"

"இங்க அஞ்சரைன்னு காட்டுதேம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

நேர்காணல் பட்டியல் கையெழுத்தாக வேண்டிய நாள். காலை பதினொரு மணிக்குப் பக்கத்து அறை நூலகரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வந்த நேரம் பிற்பகல் ஒரு மணி என்றிருந்தது. மணியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணியே ஆகவில்லையே!

கணினி பழுதுபார்க்கிறவரைப் போனில் பிடித்தாள்.

"அக்கா, அனுப்பினவங்க ஊரு நேரமும், அது உலகப் பொது நேரத்துக்கு எவ்வளவு முன்னபின்னங்கறதும் மெயிலோடயே வரும். உங்க கம்ப்யூட்டர்ல எந்த ஊரு நேரம்னு குறிச்சிருக்கோ, அதுக்கு மாத்திக் காட்டும். அந்தக் குறிப்பைப் பாருங்க."

பார்த்தாள். நம்மூரைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிற ஏதோ வேற்றூர். போன வாரம் கம்ப்யூட்டர் பழுதுபார்த்து வந்தபோது அதிலுள்ள கடிகாரம் முன்னால் ஓடுகிறதென்று அவளேதான் மணியை மட்டும் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். ஊரை மாற்றவில்லை. கடிகாரம் சரியாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏழு விண்ணப்பங்களையும் திறந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கணக்குப் பார்த்தாள். அவற்றில் ஆறு விண்ணப்பங்கள் ஐந்து மணிக்குள்ளேயே வந்தவை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பே அவளை உலுக்கியது. முதல்வர் அறைக்கு ஓடினாள். அவர் கையில் பேனா.

"கையெழுத்து போடாதீங்க சார். தப்பு என்னோடது."

முதல்வர் காய்ச்சி எடுத்தார்; விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ஆனாலும் பட்டியலை நிறுத்திவைத்தார்.

ஐந்து பேர் போனில் கிடைத்தார்கள். அழுத பெண்ணின் போன் மட்டும் அணைந்தே கிடந்தது. விண்ணப்பத்திலிருந்த முகவரியைக் கிழிசல் தாளில் எழுதிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறினாள் மணியக்கா. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவள் அந்தப் பெண்ணேதான்.

"காலேஜ்லேருந்து வரேம்மா. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கொஞ்சம் தண்ணி குடு, மூச்சு வாங்குது."