தங்கம் தோண்டிய ஊரில் தோடு வாங்கப் போனது

இன்று ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதி மளிகைக்கடையில், சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

"அங்கிள், தேம்ஸ், வைஹி எல்லாம் தங்கம் தோண்டின ஊராமே. அங்க நகை சீப்பா கிடைக்குமா?"

எண்பதுகளில் நாங்களும் அப்படி நம்பித்தான் ஆக்லாந்திலிருந்து காரில் கிளம்பினோம். மகளுக்குக் காது குத்த வேண்டும், தோடு இல்லை. தேம்ஸ் தாண்டும்வரை ஒரு பக்கம் கடல், பிறகு இரண்டு பக்கமும் மலை. மனைவி எதையும் பார்க்கவில்லை. கடைப் பலகைகளையே வாசித்துக்கொண்டு வந்தாள்.

வைஹியில் ஒரு நகைக்கடை கிடைத்தது. கடைக்காரர் பெருமையோடு ஒரு சோடித் தோட்டை எடுத்துவைத்தார். ஒன்பது கரட், அதில் பாதிகூடத் தங்கமில்லை.

"பிள்ளையின்ர காதில இதைப் போடேலாது," என்றாள் மனைவி.

தனக்கு வேண்டிய தங்கம் எது என்று காட்ட, சட்டைக்குள் இருந்த தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார், வந்து தங்கத்தைப் பார் என்று.

வெறுங்கையோடு திரும்பினோம்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "கட்டாயம் போங்கோ, ரோட்டு நல்ல வடிவு. நகையெல்லாம் போட்டுக்கொண்டு போங்கோ. அந்தச் சனமும் கொஞ்சம் தங்கம் பார்க்கட்டும்."