பக்கத்தில் போட்ட ஸ்டூல்

எங்கே போனாலும் தோளில் ஒரு மடக்கு ஸ்டூல் தொங்குவதால் அவருக்கு ஸ்டூல் அக்கா என்று பேர். அந்த ஸ்டூலை அவர் யாருக்கும் எதிரே போடமாட்டார். சரக்குக் கிடங்கின் பின்வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் சிகரெட்டும் கையுமாக நின்றால், அவர்கள் பார்க்கும் அதே சுவரைப் பார்த்தபடி ஓரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்வார். "எதிர்ல உட்கார்ந்தா விசாரணை மாதிரி இருக்கும்பா. பக்கத்துல உட்கார்ந்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி" என்பார். முதல் கேள்வி ஒருநாளும் புகையைப் பற்றியதாக இருக்காது. "இன்னிக்குப் பொழுது எப்படிப் போச்சு?" அவ்வளவுதான். பிறகு வாயே திறக்கமாட்டார்.

புகையிலைக்கு எதிராகப் பிரசாரம் செய்யும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன், அது யாருக்காகவோ அவர்களிடம் காட்டி, முகம் போகிற போக்கைப் பார்த்து வரவேண்டும். யாருக்கு என்று கேட்டால் மேலதிகாரி, எல்லாருக்கும்தான் என்பார். அக்காவுக்குச் சுருக்கென்று வரும். "எல்லாரும்னு ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல சார்." மேலதிகாரி நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.

அப்படித்தான் அழுகிய நுரையீரல் படத்தோடு கிடங்குக்குப் போனார். ஒருவன் அதை உற்றுப் பார்த்துவிட்டு, நம்ம மேஸ்திரி காலையில் இப்படித்தான் இருப்பார் என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும்தான். சிரிப்பு அடங்கியதும் ஒரு மீசைக்காரர் தாமாகவே பேசினார். "சும்மா நின்னா சோம்பேறிங்கிறாங்க. கையில சிகரெட் இருந்தா அஞ்சு நிமிஷம் யாரும் ஒண்ணும் கேக்கறதில்லக்கா."

அக்கா படத்தைச் சுருட்டிப் பையில் வைத்தார். இவர்களுக்கு வேண்டியது பயமில்லை, உட்கார ஒரு பெஞ்சும் வேலைக்கு நடுவே ஓய்வும்தான் என்று மேலதிகாரியைப் பிடித்து, கிடங்கு முதலாளியைப் பிடித்து, நச்சரித்தே வாங்கிக் கொடுத்தார்.

வெளியில்தான் இத்தனை பொறுமை. அக்காவின் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். சாயங்காலம் வந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்ற வைப்பார். இப்போதெல்லாம் இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இனியும் விடாவிட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அக்கா அவருக்கு எதிரே நின்று, இடுப்பில் கை வைத்துக் கத்துவார், அழுவார், பெட்டியைப் பிடுங்கி எறிவார். மனுஷர் தலையைக் குனிந்துகொள்வதோடு சரி. இத்தனை கத்தலும் பயத்தால்தான். அவர் இல்லாத வீட்டை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஊராரிடம் காட்டுகிற பொறுமை, உயிராக இருக்கிறவரிடம் எங்கிருந்து வரும்?

சென்ற வாரம் கிடங்குக்குப் புதுப் பெஞ்சைப் பார்க்கப் போனார். மீசைக்காரர் வெறுங்கையோடு அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் வெட்கத்தோடு சிரித்தார். வழி நெடுக அக்காவுக்கு அந்தச் சிரிப்பே நினைவு.

வீட்டில் மனுஷர் படியில்தான் இருந்தார், உதட்டில் சிகரெட், கையில் தீப்பெட்டி. அக்கா வழக்கம்போல் எதிரே போய் நின்றார். திட்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, தோளில் தொங்கிய ஸ்டூலை விரித்து, அவர் பக்கத்தில் போட்டு, அவர் பார்க்கும் வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பொழுது எப்படிங்க போச்சு?"

தீக்குச்சியை உரசியவர் திரும்பிப் பார்த்தார். சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தார். பட்டறைக்குப் புது மெஷின் வந்திருப்பதையும், அதை ஓட்டத் தனக்குப் பிடிபடாததையும், அடுத்து தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று தூக்கம் வராததையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறிப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

அக்கா ஸ்டூலை இன்னும் ஒரு சாண் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.