பாயிண்டுக்கு விழுந்த அடி

எங்கள் கடையை அடித்து நொறுக்கியவர்களில் பாதிப் பேரை எனக்கு முன்பே தெரியும். ஒருத்தர் பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர். கண்ணாடி கிளாஸ் போதும் என்று இருந்தவரைப் பேசிப் பேசிப் பீங்கான் கப் வாங்க வைத்தவள் நான்தான். அன்றைக்கு அதே மாதிரிக் கப் ஒன்றை அவர் என் தலையைக் குறிபார்த்து எறிந்தார். காதோரம் போய்ச் சுவரில் பட்டுச் சிதறியது. எறிந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் எறிந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை போலிருந்தது. பிறகு குனிந்து இன்னொன்றை எடுத்தார்.

விருத்தாசலம் கடைவீதியில் நானும் என் வீட்டுக்காரரும் பீங்கான் கடை வைத்திருக்கிறோம். தொழிற்பேட்டையில் சுட்டு வருகிற பொம்மை, அகல், ஊறுகாய் ஜாடி, பூந்தொட்டி, இவற்றோடு வெளியூரிலிருந்து வருகிற சாப்பாட்டு செட். வீட்டுக்காரர் முன்பு சூளையில் சரக்கு அடுக்குகிற வேலையில் இருந்தவர். தோள் அப்படி இருக்கும். கோபம் வந்தால் அவருக்கு முதலில் கைதான் பேசும், வாய் அப்புறம்.

பாயிண்ட் யோசனையைக் கொண்டுவந்தவர் அடுத்த வரிசையில் இருந்த செல்போன் கடைக்காரர். சின்ன வயசு. சட்டையில் மடிப்பு கலையாது. எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"யக்கா, ஜவுளிக்கடையில சேலை எடுத்தா அவங்க போனுக்குப் பாயிண்ட் ஏறும். அத வெச்சி உங்க கடையில கப்பு வாங்கிக்கலாம். உங்க கடையில ஏறுன பாயிண்ட்ட உரக்கடையில கழிச்சிக்கலாம். ஜனம் நம்ம ஆறு கடைய வுட்டு வேற எங்க போவும், சொல்லுங்க?"

ஜவுளிக்கடை, உரக்கடை, பேக்கரி, செருப்புக்கடை, அவர் கடை, எங்கள் கடை. எந்தக் கடை கொடுத்த பாயிண்ட் எந்தக் கடைக்கு வந்தது என்று மாதக் கடைசியில் அவரே பார்த்து, கடைகளுக்குள் நேர் செய்துவிடுவார். நன்றாகத்தான் போனது. எங்கள் கடை வாசலை மிதிக்காத ஜனமெல்லாம் உள்ளே வந்தது. உரம் வாங்கின பாயிண்டில் பூந்தொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு அவர் விளையாட்டுக் காசை உள்ளே விட்டார். பையன்கள் போனில் விளையாடி ஜெயிக்கிற காசு இருக்கிறதே, அது. அதை அவர் வாங்கிக்கொண்டு பதிலுக்கு எங்கள் பாயிண்ட்டைக் கொடுத்தார். வாங்கின காசை ஆன்லைனில் நிஜப் பணத்துக்கு விற்று, அதில்தான் எங்களுக்கு நேர் செய்துவந்தாராம். எங்களில் யாருக்கும் இது தெரியாது. ஆறு கடையில் ஒரு கடையும் கொடுக்காத பாயிண்ட் ஊர்ப் பையன்களின் போன்களில் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த விளையாட்டுக் காசு ஒருநாள் விலை போகாமல் விழுந்தது. மாதக் கடைசியில் நேர் செய்ய அவரிடம் ஒன்றும் இல்லை. நாளைக்கு என்றார். அப்புறமும் நாளைக்கு என்றார்.

ஜவுளிக்கடை மாடியில் எல்லாரும் கூடினோம். ஜவுளிக்கடைக்காரர் மங்கலம்பேட்டைக்காரர், எல்லாருக்கும் பாய். அவர் டீ சொல்லி அனுப்பியிருந்தார். டீ வருவதற்கு முன்னால் பேக்கரிக்காரர் எழுந்து போய்ச் செல்போன் கடைக்காரரை ஓர் அறை விட்டார். உதடு கிழிந்து சட்டை முன்பக்கம் ரத்தம் சொட்டியது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

"டைம் குடுங்கண்ணா. ஓடிட மாட்டன்" என்று அழுதார்.

பேக்கரிக்காரர் மறுபடி அடித்தார். பாய் நடுவில் புகுந்து, "என் கடையில வெச்சி வேணாங்க" என்று பிரித்துவிட்டார். எனக்கு அந்த அடி போதவில்லை என்றிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் செல்போன் கடை ஷட்டர் மூடியிருந்தது. போன் அணைந்திருந்தது. 'பாயிண்ட் எடுக்கப்படாது' என்று மற்ற நான்கு கடைகளிலும் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். வீட்டுக்காரர் சரக்கு எடுக்கத் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தார். அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நான் அட்டை எழுதாமல் இருந்தேன். மற்ற கடைகளில் விரட்டப்பட்ட ஜனம் முழுக்க எங்கள் கடைக்கு வந்தது.

முதலில் வரிசையாகத்தான் நின்றார்கள். ஆளுக்கு ஒரு சாமான் என்றேன். யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் மூன்று ஜாடியைத் தூக்கினார். பின்னால் நின்றவர் அவர் கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜாடி விழுந்தது. கடைக்குள் முதலில் உடைந்தது அதுதான். அந்தச் சத்தம் கேட்டதும் வெளியே நின்றவர்கள் எல்லாம் தீர்ந்துபோகிறது என்று நினைத்து உள்ளே நெட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. எப்போது அதைச் சுரங்கத்துக்கு எடுப்பார்களோ என்று தெரியாமலே ஒவ்வொரு பட்டத்துக்கும் உரம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாயிண்ட்டை எல்லாம் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்தாள். நீலக்கொடி போட்ட வெள்ளை சாப்பாட்டு செட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். அதை நான் யாருக்கும் காட்டாமல் கல்லாவுக்குக் கீழே வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்து அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு தட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

"யக்கா, என் செட்ட குடுத்துடுங்க. நான் போயிடறேன்" என்றாள்.

"இப்ப எடுத்தா எல்லாரும் பிடுங்குவாங்கக்கா. கூட்டம் கலையட்டும், நானே தரேன்."

"கூட்டம் கலைஞ்சா நீங்களும் அட்டை மாட்டிடுவீங்க."

அவள் பின்னால் அவள் தம்பி நின்றிருந்தான். அவன்தான் வண்டியில் அழைத்து வந்தவன். அவன் கல்லாவைத் தாண்டி உள்ளே குதித்தான். என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியை இழுத்தான். அந்தப் பக்கமிருந்து இன்னொருத்தன் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். அட்டை கிழிந்து தட்டுகள் சரிந்தன. தம்பி ஒரு தட்டை எடுத்து அந்த ஆளின் வாயில் அடித்தான். தட்டு உடைந்தது. அந்த ஆளின் பல்லும் உடைந்தது. அவன் துப்பின ரத்தம் என் சேலையில் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் பார்த்தது இதைத்தான்: கல்லாவுக்குள் ஓர் ஆள், அவன் கையில் உடைந்த தட்டு, கீழே நான், என் மேல் ரத்தம். ஷட்டர் இழுக்கிற கம்பி வாசலில் சாய்த்திருந்தது. அதை எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. தம்பி கையைத் தூக்கி மறைத்தான். கம்பி முழங்கைக்குக் கீழே இறங்கியது. கடை முழுக்கப் பீங்கான் உடைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவிலும் எலும்பு முறிந்தது எனக்குத் தனியாகக் கேட்டது.

அந்தப் பெண் ஊறுகாய் ஜாடி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் பக்கவாட்டில் இறக்கினாள். ஜாடி உடையவில்லை. அவர் விழுந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பாயிண்டைப் பற்றி அப்போது யாருக்கும் நினைவில்லை. விழுந்து கிடந்தவரை மிதித்தார்கள். அலமாரியை ஆட்டிச் சாய்த்தார்கள். நான் கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தேன். பயமுறுத்துவதற்காக எறியவில்லை. முகத்தைப் பார்த்து, மூக்கைப் பார்த்து எறிந்தேன். பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கை என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. திரும்பி அந்தக் கையைக் கடித்தேன். தோல் பிய்ந்து வாயில் உப்புக் கரித்தது. பார்த்தால் பாய். அவரும் அவர் கடை ஆட்களும் எங்களைக் காப்பாற்ற வந்திருந்தார்கள். கடிபட்ட கையாலேயே என்னை இழுத்துப் போய்த் தன் கடைக்குள் தள்ளி ஷட்டரை இறக்கினார். வீட்டுக்காரரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரைக் கிடத்தின வார்டிலேயே தம்பியையும் கொண்டுவந்து போட்டார்கள். வராந்தாவில் அவளைப் பார்த்தேன். யார் முதலில் ஆரம்பித்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவள் கொண்டை என் கையில் இருந்தது. என் தாலிக்கயிறு அவள் கையில் இருந்தது. இரண்டு பேரும் தரையில் உருண்டோம்.

"அவரு காது போச்சுடி! காது போச்சு!"

"என் தம்பி கைய ஒடிச்சீங்களேடி, அவன் எப்பிடிடி வேலைக்குப் போவான்?"

நர்ஸ் ஒரு வாளித் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினார். அதற்கும் நாங்கள் விடவில்லை. ஆம்பளைகள் வந்துதான் பிரித்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஜாடியால் அடித்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தாங்க அடிச்சேன்" என்றாள் அவள். "அவரு கம்பிய இன்னொரு வாட்டி ஓங்கினாரு. வுட்டா கொன்னுருப்பாரு." அது பொய்யில்லை. அவர் இரண்டாம் தடவை ஓங்கினதை நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் கேஸ் போட்டால் இரண்டு குடும்பமும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான் என்று எடுத்துச் சொல்லி, சமாதானமாகப் போகிறோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவள் என் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. ஒருநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"யக்கா, நாந்தான். கம்மாபுரம்."

போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்தேன்.

"அந்த செல்போன் கடைக்காரன் இருக்கிற எடம் தெரிஞ்சிபோச்சு. சேத்தியாத்தோப்புல பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு பஞ்சர் கடையில இருக்கானாம். நான் போறன். நீங்க வர்றீங்களா?"

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாலக்கரை பக்கம் போய் நின்றேன். அவளே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ள வேறு இடம் இல்லாமல் அவள் தோளைப் பிடித்தேன்.

அவர் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"யக்கா, உள்ள வாங்க, பேசலாம்" என்றார்.

அவள் சட்டையைப் பிடித்தாள். நான் செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தேன். வலிக்க வலிக்க அடித்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியில் இடறி விழுந்தார். அவள் முடியைப் பிடித்து மண்டையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினாள். குமிழி குமிழியாக வந்தது. நானும் ஒரு கை போட்டு அமுக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் கால் என் முட்டியில் உதைத்தபோதுதான் எனக்குச் சுரணை வந்தது.

"வுடுக்கா. செத்துடுவான். வுடு!"

அவள் விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அவர் தண்ணீரைக் கக்கிக்கொண்டு மண்ணில் கிடந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

மூச்சு திரும்பினதும் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "எல்லா பாயிண்ட்டும் இதுலதான் இருக்குதுக்கா. நான் ஒண்ணத்தையும் தொடல. எல்லார் பேர்லயும் அப்பிடியே இருக்குது, பாருங்க."

திரையில் பேர் பேராக ஓடியது. என் பேரும் இருந்தது. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்தாள் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தரையில் வைத்து, வீல் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்து அடித்தாள். கண்ணாடி தெறித்த பிறகும் அடித்தாள். தகடு வளைந்து நசுங்குகிறவரை அடித்தாள். அவர் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

"வா, போலாம்" என்றாள். ஆஸ்பத்திரிச் சண்டையைத் தவிர, அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறாள்.

திரும்பி வரும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினாள். உள்ளங்கை எரிகிறது, ஓட்ட முடியவில்லை என்றாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எரிச்சல் அடங்குகிறவரை பாலத்து ஓரமாக நின்றோம். அவள் உள்ளங்கையில் ஸ்பேனர் பட்ட இடம் கன்றியிருந்தது. என் முட்டி வீங்கியிருந்தது.

"தம்பி கை எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன்.

"கோணலா கூடிடுச்சு. பளு தூக்க முடியல." முந்தானையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே, "அவருக்கு?" என்றாள்.

"எடது காது கேக்கல."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சித்திரையில் அவள் மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. வீட்டுக்காரர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு இரண்டாகக் கிழித்தார். "போனீன்னா திரும்பி இந்த வூட்டுக்கு வராத" என்றார். நான் போகவில்லை. போயிருந்தாலும் அவள் தம்பி முன்னால் உட்கார்ந்து என்னால் சாப்பிட்டிருக்க முடியாது.

செல்போன் கடைக்காரர் அதற்குப் பிறகு சேத்தியாத்தோப்பிலும் இல்லை என்கிறார்கள். கடையைக் கடன் வாங்கித்தான் மறுபடி நிரப்பினோம். டீக்கடைக்காரர் இப்போது எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுக்கிறார். அவர் கடைப் பக்கம் நான் போவதில்லை. பாயின் கையில் என் பல் பதிந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. ரம்ஜானுக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தபோது அந்தக் கையைப் பார்க்காமல்தான் பாத்திரத்தை வாங்கினேன்.

வீட்டுக்காரர் இப்போது எதையும் சத்தமாகத்தான் பேசுகிறார். தனக்கே கேட்கவில்லை அல்லவா. நானும் பதிலுக்குக் கத்த வேண்டியிருக்கிறது. கடைவீதியில் போகிறவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நின்று பார்க்கிறார்கள். பாதி நாள் அது சண்டையாகத்தான் இருக்கிறது.