கட்டைவிரல் ஆடும் நொடிகள்

போன வாரம் மருந்துக்கடையில் பி.பி. பார்க்க உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் என் கையில் பட்டையைச் சுற்றினாள், சரியாக ஒட்டவில்லை என்று மறுபடி பிரித்தாள். சர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என் கண் தானாகக் கீழே போய் என் கால் கட்டைவிரலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. "ஆன்ட்டி, செருப்பு எங்கயும் போயிடாது, நேரா உக்காருங்க" என்றாள். செருப்பைப் பார்க்கவில்லை கண்ணே, என் முதல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

நர்சிங் முடித்த கையோடு பூந்தமல்லியில் ஒரு சின்ன மனநல நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். சேக்காட்டிலிருந்து தினமும் பஸ். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அங்கே மின்சிகிச்சை நடக்கும். ஊர் வழக்கில் 'கரண்ட் வைக்கிறது'. சினிமாவில் காட்டுகிற மாதிரி ஆளைக் கட்டிப்போட்டு அலற வைப்பதெல்லாம் கிடையாது. மயக்க டாக்டர் ஸ்கூட்டரில் வருவார். ஒரு ஊசியில் நோயாளி தூங்கிவிடுவார், அடுத்த ஊசியில் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும். பிறகு நெற்றிப் பக்கம் சில நொடி கரண்ட். அதனால் மூளைக்குள் ஒரு வலிப்பு வரவேண்டும், அதுதான் மருந்து.

உடம்பே தளர்ந்து கிடக்கும்போது வலிப்பு வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? இரண்டாவது ஊசிக்கு முன்பே ஒரு கணுக்காலில் பி.பி. பட்டையை இறுக்கிவிடுவோம். அந்தப் பாதத்துக்கு மட்டும் மருந்து போகாது. ஆளே அசையாமல் தூங்க, அந்த ஒரு கால் மட்டும் கட்டைவிரலோடு சேர்ந்து ஆடும். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நொடிகளை உரக்க எண்ணுவது என் வேலை. "ஆஸ்பத்திரில கால் புடிக்கிறேன்மா" என்று வீட்டில் சொன்னபோது, "இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று அம்மா கேட்டாள். சுவரில் கடிகாரம் இருந்தது. ஆனாலும் கரண்ட் வைக்கிற டாக்டரம்மாவுக்குக் குரல் வேண்டும். நான் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள், தொண்டையைத் திறந்தால் அடக்கத் தெரியாது. வார்டு உதவியாளர் ஏழுமலை அண்ணன் கிண்டல் செய்வார்: "இன்னா சிஸ்டரு, நீ கூவறதுல பஸ் ஸ்டாண்டே எண்ணிகினு கீது."

எண்ணிக்கை இருபத்தைந்தைத் தாண்டினால்தான் டாக்டரம்மாவின் முகம் தெளியும். நாற்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, சிடுசிடுப்பு. ஆனால் கரண்டின் அளவு விஷயத்தில் அவ்வளவு பொறுமை. எல்லோருக்கும் ஒரே அளவு வைத்துவிட்டுப் போகிற இடங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே கோபம் வரும். "செருப்புக் கடையில எல்லாருக்கும் எட்டாம் நம்பர் குடுப்பானா?" என்பார். முதல் நாள், அளவெடுக்கிற நாள். இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்துப் பார்ப்பார். கால் சும்மா கிடக்கும். கொஞ்சம் காத்திருந்து, மெஷின் குமிழை ஒரு படி ஏற்றுவார். எந்தப் படியில் கால் ஆடுகிறதோ, அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையிலிருந்து அதற்குச் சற்று மேலே வைப்பார். ரொம்பக் குறைந்தால் வியாதி போகாது. ரொம்பக் கூடினால் வியாதியோடு ஞாபகமும் சேர்ந்து போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை பாடு.

அப்படி அளவெடுக்க வந்தவர்தான் செல்வராஜ் சார். ஆவடி பக்கம் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம், சொந்த ஊர் தூத்துக்குடி. இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தவர். மாத்திரைகளுக்கு நோய் கேட்கவில்லை, கடைசியில் தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். மனைவி ஜெயராணி அக்கா டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அவருக்கு அந்தத் தொண்ணூறு மட்டும் மறந்துடக் கூடாது டாக்டர்."

தொண்ணூறு என்பது தம்போலா. அதாவது, குவார்ட்டர்ஸில் கிறிஸ்துமஸுக்கு நடக்கும் எண் விளையாட்டு. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண்கள், ஒருவர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிட, மற்றவர்கள் சீட்டில் அடித்துக்கொண்டே வருவார்கள். வருஷா வருஷம் கூப்பிடுகிறவர் செல்வராஜ் சார்தான். வெறும் எண்ணைச் சொல்லமாட்டார். எட்டு என்றால் 'வடை மேல வடை'. பதினொன்று என்றால் 'கேட்டாண்ட ரெண்டு செக்யூரிட்டி'. ரிட்டயர் வயசான அறுபது வந்தால் 'கடைசி சங்கு, ஊருக்கு டிக்கெட் போடு'. தொண்ணூறு எண்ணுக்கும் அவரே கட்டியவை. "அது போச்சுன்னா அவரே இல்ல டாக்டர்" என்று அழுதார் அக்கா. டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "சிகிச்சை நடக்குற இந்தச் சில வாரம் மங்கலாகலாம்மா. பழசு பெரும்பாலும் நிக்கும். எவ்ளோ கம்மியில முடியுமோ அவ்ளோ கம்மியில முடிக்கப் பாக்குறேன்" என்றார்.

காலையில் வீட்டிலிருந்து கூட்டிவந்து, தெளிந்ததும் அக்கா திரும்பக் கூட்டிப்போவார். முதல் மூன்று முறையும் அருமையாகப் போயிற்று. முப்பதுக்கு மேல் எண்ணினேன். மயக்கம் தெளிந்ததும் பேர், ஊர், கிழமை கேட்பது என் கடமை. அதன் பிறகு அக்கா தன் கேள்வியைக் கேட்பார்: "எட்டு?" மூன்றாம் முறை, "வடை மேல வடை" என்றவர் கொஞ்சம் யோசித்து, "சூடா கிடைக்குமா?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. ஏழுமலை அண்ணன் ஓடிப்போய் வாங்கிவந்தார். அந்த எண்ணெய் வாசனையோடு வார்டே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தது.

நான்காம் முறை பன்னிரண்டோடு கால் நின்றுவிட்டது. போகப் போக அளவு கொஞ்சம் ஏறுவது சகஜம்தான், ஆனால் இப்படிச் சடாரென்று ஏறாது. ஐந்தாம் முறை ஒரு படி ஏற்றினார், பதினான்கு. அன்றே மறுபடி ஒரு படி ஏற்றி வைத்ததில்தான் கால் ஒழுங்காக ஆடியது. ஆனால் தெளிய வெகு நேரமாயிற்று. அக்கா "எட்டு?" என்றார். செல்வராஜ் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி எட்டா?" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆறாம் முறை காலை, இன்னும் ஒரு படி ஏற்றுவதா, சிகிச்சையையே நிறுத்துவதா என்று டாக்டரம்மா மெஷின் முன்னால் யோசித்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் செல்வராஜ் சார் கொட்டாவி மேல் கொட்டாவி. ஏழுமலை அண்ணன் என்னிடம் வந்து, "சிஸ்டரு, நாம மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடியே இவரு பாதி மயக்கத்துல வந்துகினு கீறாரே, இன்னா சமாச்சாரம்?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. சிகிச்சைக்கு முன் நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதில் 'வேறு மாத்திரை ஏதேனும்?' என்று ஒரு கேள்வி. முதல் மூன்று முறையும் கேட்டேன், இல்லை என்றார் அக்கா. நான்காம் முறையிலிருந்து நானே 'இல்லை' என்று எழுதிவிட்டேன், அவ்வளவு கெட்டிக்காரி நான்! இப்போது அக்காவிடம் போய், "நேத்து எப்படிக்கா தூங்குனாரு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "சூப்பரா தூங்குனாரு சிஸ்டர்! கரண்ட்டுக்கு முந்தின நாள் பயத்துல நடந்துகிட்டே இருப்பாருல்ல? எதிர் ஊட்டு மேரியக்கா அவங்க தூங்குற மாத்திரைய குடுத்தாங்க. இந்த மூணு தடவையா ஒண்ணு போட்டுத்தான் கூட்டிட்டு வரேன்."

நானும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். அங்கே கறிவேப்பிலை, தோசை மாவு, மாத்திரை மூன்றும் ஒரே கணக்கு. எல்லார் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை இருக்கும். முழங்கால் வலிக்கு மாடி வீடு, வாயுவுக்கு எதிர் வீடு. அது அன்பு. அதற்கு மருந்து என்று யாரும் பேர் வைப்பதில்லை, அதனால் படிவத்தில் சொல்லவும் தோன்றாது. ஆனால் தூக்க மாத்திரை வலிப்பை அடக்கும். நாங்கள் உள்ளே வலிப்பை வரவழைக்கக் குமிழை ஏற்ற, மேரியக்காவின் அன்பு அதைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்காமலே எழுதியதையும் சேர்த்துத்தான். டாக்டரம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவர் ஞாபகத்தோட விளையாடிட்டோம், தெரியுதா?" என்றார். நான் அழுதேன். "இனிமே மாத்திரை உண்டான்னு கேக்காத. பக்கத்து வீட்டுல என்ன குடுத்தாங்கன்னு கேளு" என்றார். அதை அவர் கையாலேயே படிவத்தில் எழுதியும் வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஒரு கேள்வியில் என்னென்ன வெளியே வந்தன தெரியுமா, அது தனிக் கதை.

அன்று சிகிச்சை இல்லை. அடுத்த வாரம் குமிழ் இரண்டு படி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்தது. பட்டையை இறுக்கி, காலைப் பிடித்தேன். கட்டைவிரல் துள்ளியது. பன்னிரண்டு, பதினான்கு, தாண்டியது. இருபத்தைந்தில் என் குரல் உடைந்தது, எண்ணிக்கையை மட்டும் விடவில்லை. முப்பத்து நான்கு. தெளிந்து எழுந்தவரிடம் அக்கா பயந்து பயந்து "எட்டு?" என்றார். "வடை மேல வடை. ஏன், உனக்குப் பசிக்குதா?" என்றார் செல்வராஜ் சார்.

அந்த நர்சிங் ஹோம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு நிற்கிறது. புது மெஷின்கள் காகிதத்தில் கோடு போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றனவாம், தொண்டை கிழிய எண்ண ஆள் தேவைப்படுவதில்லை. செல்வராஜ் சார் இருந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஆளில்லை, செடி முளைத்துக் கிடக்கிறது.

சிகிச்சை முடிந்த அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். மைதானத்தில் செல்வராஜ் சார் மைக் பிடித்துக் கூப்பிட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது, மேரியக்காதான் எல்லோரையும்விடச் சத்தம். முடிந்ததும் அக்கா அவரை என்னிடம் கூட்டிவந்தார். அவர் மரியாதையாகக் கும்பிட்டு, "வாங்கம்மா. எந்த பிளாக் நீங்க?" என்று கேட்டார். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "சேக்காடு சார்" என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொண்ணூறும் பத்திரமாக இருக்கிறது, அந்தச் சில வாரத்தோடு சேர்ந்து நான் மட்டும்தான் போயிருக்கிறேன்.