எட்டு பல்பு பேட்டரியும் மச்சானின் தூண்டிலும்

பேட்டரி விஷயத்தில் திருவண்ணாமலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இதைச் சொன்னதும் என் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பொய் வந்தால் பேனா நிற்கும் என்பது அவளுடைய நிபந்தனை. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு நான் வாங்கிப் போட்ட பேட்டரி ஒரு வாரம் தாங்கவில்லை. அவள் வாங்கியதுதான் இப்போது ஓடுகிறது.

ஆனாலும் என் தொழில் பேட்டரிதான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக எங்கள் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தள்ளுவண்டிக்காரர்கள் என்னிடம் பேட்டரி எடுத்துப் போவார்கள். மறுநாள் திரும்பி வந்ததும் சார்ஜ் போட்டு அடுக்கி வைப்பேன். வோல்ட், ஆம்பியர் என்று மேலே ஒட்டியிருப்பதை நான் படித்ததில்லை. எங்களுக்குள் பல்புக் கணக்குதான். சுண்டல் வண்டிக்கு நாலு பல்பு பேட்டரி, பொரி வண்டிக்கு ஆறு, வளையல் கடைக்கு எட்டு. இதில் இதுவரை தப்பு செய்ததில்லை. பேனா நிற்கவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் மச்சான் இருக்கிறார், அவளுடைய அண்ணன். கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறி மெதுவாக நடக்கிறார். கை தேறவில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில் போடுவது. ஒரு கை தூண்டில் கோலைப் பிடித்தால் நூல் ரீலைச் சுற்ற இன்னொரு கை வேண்டும். ஒன்றரை வருஷம் ஏரிப் பக்கமே போகவில்லை. கேட்டால் வெயில் ஜாஸ்தி என்பார். மழை பெய்த அன்றும் அதைத்தான் சொன்னார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகளுக்கு இது தெரிந்து, கரண்டில் சுற்றும் ரீல் ஒன்றை ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பினாள். சின்னத் தேங்காய் அளவு இருந்தது. பொத்தானை அமுக்கினால் நூலைத் தானே இழுத்துச் சுற்றும். கோலை ஓர் இரும்புக் குழாயில் நட்டுவிட்டால் ஒரு கை போதும். அதற்கு வேண்டிய பெரிய பேட்டரியை விமானத்தில் விடமாட்டார்களாம். அதை மாமா பார்த்துக்கொள்வார் என்று போனில் சொல்லிவிட்டாள். மாமா நான்தான்.

ஆட்டோ பேட்டரியைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது, மச்சான் எங்கே தூக்குவது. உடனே என்னிடம் இருப்பதிலேயே உசத்தியான லித்தியம் பேட்டரியை எடுத்தேன். எட்டு பல்பு, செங்கல் அளவு, எடை ரொம்பக் கம்மி. விபூதி பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, மச்சானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

ஏரியின் மீன் குத்தகைக்காரர் மச்சானின் வேனில் போய்வந்த மனிதர். தூண்டில் மட்டும் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். நான் புழு கோத்துக் கொடுக்க, மச்சான் வலது கையால் வீசிவிட்டுக் கோலைக் குழாயில் நட்டார். கொஞ்ச நேரத்தில் கோல் வளைந்தது. மச்சான் பொத்தானை அமுக்கினார். ரீல் உறுமியது, இரண்டு முழம் இழுத்தது, நின்றுவிட்டது. பேட்டரி கிளிப்பைப் பிடுங்கி மாட்டினேன், உயிர் வந்தது. மீன் இழுத்ததும் மறுபடி செத்தது. மூன்றாம் தடவை நான் நூலைக் கையால் பிடித்து இழுத்தேன். நூல் என் விரலை அறுத்தது, மீன் நூலை அறுத்தது.

நான் பேட்டரியைத் திட்டினேன், ரீலைத் திட்டினேன், மீனின் வம்சத்தையே திட்டினேன். மச்சான் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பல்பு எரியறதும் பாரம் இழுக்கறதும் ஒண்ணா மாப்ள? இருபது வருஷம் வேன் ஓட்டனவன். வண்டி கெளம்ப செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி என்னா பாடுபடும்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. கை விழுந்த நாளிலிருந்து அவரை யாருமே ஒன்றும் கேட்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோறு போடுகிறோம், சட்டை மாட்டுகிறோம், டிவியில் சேனல் கூட நாங்களே மாற்றுகிறோம்.

மறுநாள் வேங்கிக்காலில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்பவரிடம் போனோம். நான் வாயை மூடிக்கொண்டேன். இது உலக அதிசயம், மனைவி சாட்சி. ஒரே நேரத்தில் எவ்வளவு கரண்ட் கொடுக்கும், அளவுக்கு மேலே இழுத்தால் என்ன ஆகும் என்று மச்சான்தான் கேட்டார். என் எட்டு பல்பு பேட்டரிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கிறதாம், பாரம் ஜாஸ்தியானால் அது தானே அணைத்துவிடுமாம். பேட்டரி நிறைய நேரம் ஓடுவது வேறு, ஒரே மூச்சில் இழுப்பது வேறு. மச்சான் பார்த்து எடுத்த புதுப் பேட்டரி என் பேட்டரியைவிடக் கொஞ்சம்தான் கனம்.

புத்தி வந்ததே, அந்தப் பேட்டரியை வைக்கும் பெட்டி விஷயத்திலாவது நான் கேட்டிருக்க வேண்டாமா? பத்து லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி, பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியிலும் சுற்றிலும் வைத்து, ஒயருக்கு ஓட்டை போட்டுப் பசை அடைத்து, மூடியை ஏறி மிதித்து மூடினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று பெருமையாக அவர் முன்னால் வைத்தேன்.

மச்சான் வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியை நெம்பினார். வாளி சுழன்றது. மறுபடி நெம்பினார். மறுபடி சுழன்றது. பம்பரம் மாதிரி இருக்கவே நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று புரிந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம் என்றேன். அவளும் எழுதவில்லை.

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "வாளி உன் தலைக்கு நல்லா இருக்கும், கவுத்துக்கோ" என்றார். அப்புறம், "வேன்ல இருந்த டூல்ஸ் பெட்டி பரண் மேல கெடக்குது. எடுத்துனு வா" என்றார்.

பிளாஸ்டிக் பெட்டி. மேலே ஒரே கைப்பிடி. முன்னால் ஒரே கொக்கி, கட்டைவிரலால் தட்டினால் திறந்துகொள்ளும். என் செருப்பு ரப்பர் அதற்குள் இடம் மாறியது. சிவப்பும் கறுப்புமான இரண்டு கிளிப்பை எடுத்துவிட்டு, குத்தினால் உட்காரும் ஒரே பிளக் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஸ்விட்ச் வெளியே வலது பக்கம் என்றார். அங்கேயே வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். காற்று கம்மி. பெட்டியை அவரே தூக்கி வந்தார், கட்டைவிரலால் திறந்தார், பிளக்கைக் குத்தினார், முழங்கையால் மூடினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கோல் வளைந்தது. பொத்தானை அமுக்கினார். ரீல் முனகியது, ஆனால் நிற்கவில்லை. தண்ணீருக்கு மேலே முதலில் வால் தெரிந்தது. சத்தியமாக என் தொடை அளவு.

பேனா நிற்கிறது. சரி, முழங்கை அளவு. கரைக்கு இன்னும் ஓர் அடிதான் இருக்கும், அப்போது அந்த மீன்...

"மாப்ள, அங்க இன்னா கதை? பெட்டிய நானே வண்டில வெச்சிட்டேன். நீ மட்டும்தான் பாக்கி. ஏரிக்கு வர்றியா, நடந்தே போய்டட்டா?"