ஒரு செய்தியும் தவறக்கூடாது

அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது என்பதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கேலாங் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்கள் அலுவலகம். துவாஸில் சொந்தக் கப்பல்துறை வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்காக, ராடார்கள் அனுப்பும் செய்திகளைப் படித்து எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று திரையில் காட்டும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். கணக்குப் போடும் வேலை எனக்கில்லை. அதற்கு அடியில் ஓடும் சேவைகள் என்னுடையவை: புரோகிராம்களைத் தொடங்கிவைப்பது, உயிரோடு இருக்கின்றனவா என்று நொடிக்கொருமுறை பார்ப்பது, ஒரு சர்வர் விழுந்தால் பக்கத்துச் சர்வரிடம் வேலையை ஒப்படைப்பது. ஊரிலிருந்து கடல் தாண்டி வந்து நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம்தான் வேலையை உறுதி செய்வார்கள்.

வடிவமைப்பு ஆவணத்தில், "எந்த நிலையிலும் ஒரு செய்தியும் தவறக்கூடாது, விட்ட இடத்திலிருந்தே அடுத்த சர்வர் தொடரும்" என்று எழுதினேன். எழுதியபோது பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கரண்ட் ஆபீஸ் கடிதமோ தாலுகா ஆபீஸ் நோட்டீஸோ, எது வந்தாலும் எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு வரியைத் தாண்டினால் அப்பா எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். "முழுங்காமப் படிடா" என்பார். அப்படி வளர்ந்தவன் வேறெப்படி எழுதுவான்? வாடிக்கையாளருக்கும் வாக்கியம் பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

வாடிக்கையாளர் வந்து பார்த்து ஏற்கும் சோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பதிவு செய்து வைத்திருந்த ஒரு மழைநாள் தரவை ஓடவிட்டேன். அதில் ஒரு செய்தி கெட்டிருந்தது. தலைப்பில் நூறு எழுத்து என்று சொல்லிவிட்டு உள்ளே நாற்பதுதான் வைத்திருந்தது. அதைப் படித்த புரோகிராம் அங்கேயே செத்தது. இரண்டே நொடியில் பக்கத்துச் சர்வர் பொறுப்பேற்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விட்ட இடத்தில் இருந்தது அதே செய்தி. அதுவும் செத்தது. அதற்குள் எழுந்துவிட்ட முதல் சர்வர் மறுபடி அதையே எடுத்தது, மறுபடி விழுந்தது. நான் வரிசையிலிருந்து அந்தச் செய்தியைக் கையால் அழிக்கும்வரை திரையில் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நிஜத்தில் அந்த நேரம் இரண்டு கப்பல் எதிரெதிரே வந்தால், திரையை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஒன்று போனால் இன்னொன்று என்றுதான் இரண்டு சர்வர். நான் செய்திருந்ததோ, ஒன்று குடித்த விஷத்தை மற்றதற்கும் பத்திரமாக எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடு.

எங்கள் டீம் லீட் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தேக்கா உணவங்காடியில் பிரியாணி சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"அதான் அந்தச் செய்தியப் படிக்கிற கோட ஃபிக்ஸ் பண்ணியாச்சே லா. அப்புறம் என்ன?"

"இந்தச் செய்திக்குப் பண்ணாங்க அண்ணே. நாளைக்கு வேற மாதிரி ஒண்ணு கெட்டு வந்தா? ரெண்டு சர்வரையும் சாகடிச்ச செய்திய ஓரமா எடுத்து வெச்சிட்டு அடுத்ததுக்குப் போகணும். ரெண்டு நாள் வேலைதான்."

"ஓரமா வெச்சா, அது தவறின செய்தியா இல்லையா?"

"தவறினதுதான்."

"ஒரு செய்தியும் தவறக்கூடாதுன்னு எழுதினது யாரு, நானா?" சிரித்தபடியே அச்சார் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். "கஸ்டமர் சைன் பண்ணிட்டான். மாத்தணும்னா சேஞ்ச் ரிக்வெஸ்ட். கமிட்டி அடுத்த மாசம்தான் உக்காரும். டெஸ்ட் இந்த மாசம்."

"அப்ப தப்புன்னு தெரிஞ்சே குடுக்கிறோமா?"

"டெஸ்ட்ல என்ன பண்ணுவாங்க? ஒரு சர்வரோட வயரப் புடுங்குவாங்க. வயரப் புடுங்கினா உன் சிஸ்டம் சூப்பரா ஓடுது லா. சாப்பிடு தம்பி."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் எரிச்சல். அலுவலகத்துக்கு யார் வந்தாலும் கூப்பிட்டு வயரைப் பிடுங்கச் சொல்வார்கள். மனிதவளப் பிரிவுப் பெண்கூட ஒருமுறை பிடுங்கிவிட்டுக் கைதட்டினார். நான் சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுதினேன். சோதனைக்குப் பிறகு பார்க்கலாம் என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில்.

சோதனை நாளில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு சீன அதிகாரி வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அவரே வயரைப் பிடுங்கினார். கப்பல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. தலையாட்டினார். படிவத்தின் கடைசியில் 'குறிப்புகள்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டியது மென்பொருளை வடிவமைத்தவர். நான் பேனாவை எடுத்தேன்.

"டேய், வேணாம்," என்றார் லீட், குரலைத் தாழ்த்தி. அதுவரை என்னை டேய் என்றதில்லை. "உன் கன்ஃபர்மேஷன நெனச்சுப் பாரு."

நினைத்துத்தான் பார்த்தேன். பிறகு எழுதிவிட்டேன்: கெட்ட செய்தி ஒன்று வந்தால் இரண்டு சர்வர்களும் மாறி மாறி விழும், கையால் அழிக்கும்வரை எழாது.

அதிகாரி இரண்டு முறை படித்தார். செய்து காட்டச் சொல்வார் என்று கெட்ட தரவோடு தயாராக நின்றேன்.

"கையால் அழிக்க எவ்வளவு நேரம்?"

"தெரிந்தவர் இருந்தால் ஒரு நிமிடம், சார்."

"அப்படியானால் தெரிந்தவருடைய ஃபோன் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சிறு குறிப்புடன் ஏற்கப்பட்டது. அவ்வளவுதான்.

லிஃப்டில் லீட் கேட்டார்: "சந்தோஷமா? இப்ப ரெண்டு சர்வரும் படுத்தா மூணாவது சர்வர் நீதான்."

ஆறாவது மாதம் என் வேலையை உறுதி செய்யவில்லை. மூன்று மாதம் நீட்டித்தார்கள். குழுவோடு ஒத்துப்போகப் பழக வேண்டுமாம். கமிட்டிக் கூட்டமும் தள்ளிப்போனது.

அதற்கு அடுத்த வாரம் ரயிலில் இருந்தபோது கப்பல்துறைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கி ஒரு தூணோரம் நின்றேன். பேசியவர் ஒரு பெண். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"எல்லாக் கப்பலும் அப்படியே நிக்குதுங்க."

"வரிசையில முதல்ல இருக்கிற செய்திய அழிச்சிடுங்க."

"அழிக்கலாமா? யாரு பர்மிஷன்னு லாக் புக்ல எழுதணுமே."

"நான்தான்."

"நீங்கன்னா? என்ன போஸ்ட்?"

"ப்ரொபேஷன்ல இருக்கேங்க."

"பரவால்ல லா," என்றார். விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. "ஆ, நகருது."

அவர் ஃபோனை வைத்ததும், அங்கேயே நின்று, மூன்றாவது சேஞ்ச் ரிக்வெஸ்ட்டை அடிக்கத் தொடங்கினேன்.